பிரெஞ்சு நேஷனாலிட்டி: சம்பந்தம் பேசும் முன் பார்க்க வேண்டிய தாள்கள்



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவைப் பெண்களுக்கான ஓய்வூதிய மனு என்று வருவார்கள். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "பாய், பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி. நிக்காஹ் முடிந்தால் நம்ம பிள்ளைக்கும் நேஷனாலிட்டி வந்துவிடுமாம். அதனால் சீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். செய்யலாமா?"

செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால் இந்தப் பேச்சு நம் ஊருக்கு வருவதில் வியப்பில்லை. மாப்பிள்ளையின் குணத்தையும் தீனையும் விசாரிக்க நம் பெரியவர்களுக்குத் தெரியும். நேஷனாலிட்டியை எப்படி விசாரிப்பது என்பதுதான் தெரியவில்லை. அதற்காகவே இந்தக் கட்டுரை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். நிக்காஹ் முடிந்ததும் பிரெஞ்சுக் குடியுரிமை யாருக்கும் வந்துவிடாது. குறைந்தது 4 ஆண்டு இல்லறம், அரசுப் பதிவேட்டில் ஏறிய திருமணம், நல்ல பிரெஞ்சு மொழித் தேர்ச்சி ஆகிய மூன்றும் இருந்தால்தான் மனுவே போட முடியும்.

பாண்டிச்சேரிக்காரர் எல்லாரும் பிரெஞ்சுக்காரரா?

இந்த நேஷனாலிட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எது உண்மை, எது புரளி என்று பிரித்துப் பார்ப்பது எளிது. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கும் 1954 நவம்பர் 1 அன்று இந்திய அரசின் நிர்வாகத்துக்குள் வந்தன. ஆனால் சட்டப்படியான கைமாற்றம் அன்று நடக்கவில்லை. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்து, அது நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. குடியுரிமைக் கணக்கெல்லாம் அந்த நாளை வைத்துத்தான்.

அந்தப் பகுதிகளில் பிறந்து, அந்த நாளில் அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாக ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே நீடிக்க விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. அந்தக் கெடு 1963 பிப்ரவரியோடு முடிந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள், அரசு வேலையில் இருந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் ஆகியோர் இவர்களில் கணிசமானவர்கள். மற்ற லட்சக்கணக்கானோர் எழுதிக் கொடுக்கவில்லை. சிலர் விரும்பவில்லை, பலருக்கு விஷயமே தெரியாது.

நம் சமுதாயத்துக்கு இதில் தனியாக ஒரு கதை உண்டு. 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தன் மதம், சாதி சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்துப் போடுபவருக்கு முழுக் குடிமகனுக்குரிய சிவில் நிலை கிடைக்கும் என்பது அந்த ஆணை. கையெழுத்துப் போட்டவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். நிக்காஹ், தலாக், வாரிசுப் பங்கு இவற்றில் ஷரீஅத்தை விட மனமில்லாததால் முஸ்லிம்களில் மிகச் சிலரே போட்டார்கள். ஆனாலும் அவர்களும் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவர்களே. 1962இல் விருப்பம் தெரிவிக்கும் உரிமை அவர்களுக்கும் இருந்தது.

காரைக்கால் முஸ்லிம்களில் பலர் அந்தக் காலத்தில் வியட்நாமின் சைகோனில் துணிக்கடையும் வட்டித் தொழில் அல்லாத பிற வியாபாரமும் நடத்தினார்கள். அங்கே 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. காரைக்காலில் பிறந்து, 1962இல் சைகோன் போன்ற வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு உடன்படிக்கையில் வேறு விதி. அவர்கள் எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். அதே சைகோன் கடைத்தெருவில் பக்கத்துக் கடை வைத்திருந்த நாகூர்க்காரருக்கும் கூத்தாநல்லூர்க்காரருக்கும் இது பொருந்தாது. அவர்கள் பிறந்த ஊர் பிரிட்டிஷ் இந்தியா. காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையில் ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான். பேரன்களின் தலையெழுத்தோ அந்த எல்லைக்கோட்டில் பிரிந்துவிட்டது.

இதே காரணத்தால், வில்லியனூர் சுல்தான்பேட்டைக்காரர் ஒருவர் பிரெஞ்சு வம்சாவளி என்றால் விசாரிக்க இடமுண்டு. பாண்டிச்சேரியை ஒட்டியே இருந்தாலும், கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் பகுதியாக இருந்த ஊர். அங்கேயே பரம்பரையாக வாழ்ந்த குடும்பம் 'பாட்டனார் காலத்து நேஷனாலிட்டி' என்றால், அது எப்படி வந்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். பெண் கொடுத்து எடுத்த வகையில் வந்திருக்கலாம், பிரான்சில் உழைத்து வாங்கியிருக்கலாம். பாண்டிச்சேரிக்குப் பக்கத்து ஊர் என்பதால் மட்டும் வந்திருக்க முடியாது.

'பாட்டனார் பெயரில் எடுத்துத் தருகிறோம்'

இதைச் சொல்லும்போதே இன்னொரு வலையையும் சொல்லிவிட வேண்டும். "உங்கள் பாட்டனார் 1930இல் காரைக்காலில் பிறந்தவரா? பிறப்புப் பதிவு எடுத்து நேஷனாலிட்டி வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி லட்சக்கணக்கில் முன்பணம் வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி, தாயோ தந்தையோ ஒருவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் குழந்தை எந்த நாட்டில் பிறந்தாலும் பிரெஞ்சுக் குழந்தையே. தரகர்கள் இந்த விதியைத்தான் காட்டுவார்கள்.

அவர்கள் காட்டாத விதி ஒன்று அதே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குடும்பம் 50 ஆண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியே வாழ்ந்து, மனு போடுபவரும் அவருக்கு நேஷனாலிட்டி தர வேண்டிய தாயோ தந்தையோ இருவருமே அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரராக நடந்துகொள்ளவில்லை என்றால், வம்சாவளியைச் சொல்லி நேஷனாலிட்டியை நிரூபிக்க அனுமதி இல்லை. பிரெஞ்சுக்காரராக நடந்துகொள்வது என்றால் தூதரகத்தில் பெயர் பதிந்திருப்பது, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்திருப்பது, பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிப்பது போன்றவை. 1962 ஆகஸ்டிலிருந்து 50 ஆண்டு 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்திய ரேஷன் கார்டும் இந்திய வாக்காளர் அட்டையும் மட்டுமே வைத்திருந்த குடும்பத்துக்கு, பாட்டனாரின் பிறப்புப் பதிவு ஓர் அழகான நினைவுச் சின்னமாக இருக்கும். அதற்கு மேல் பெரிதாகப் பயன் இருக்காது. தரகருக்குப் பணம் கொடுக்குமுன், "1962க்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலாவது பிரெஞ்சுத் தாள் இருக்கிறதா?" என்று வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு வேறு, குடியுரிமை வேறு

மாப்பிள்ளை வீட்டார் காட்டுவது எந்தத் தாள் என்று பார்ப்பது அடுத்த வேலை. பிரான்சில் சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவருக்கு 10 ஆண்டு செல்லும் குடியிருப்பு அட்டை ஒன்று கொடுப்பார்கள். அதைக் காட்டி "பிரான்ஸ் கார்டு இருக்கிறது" என்பார்கள். நம்மவர் அதை நேஷனாலிட்டி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அட்டை வைத்திருப்பவர் இன்னும் இந்தியக் குடிமகன்தான். அவர் மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் குடும்ப இணைப்பு மனு போட வேண்டும். 18 மாதம் சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும், நிலையான வருமானம் காட்ட வேண்டும், குடும்பத்துக்குப் போதுமான அளவு வீடு இருக்க வேண்டும். நான்கு பேர் ஒரு அறையில் தங்கி வேலை பார்க்கும் பையனுக்கு இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பையன் நல்லவனாக இருக்கலாம், கடின உழைப்பாளியாக இருக்கலாம். நாம் சொல்வது, சம்பந்தம் பேசும்போது சொன்னது வேறு, கையில் இருப்பது வேறு என்று ஆகக் கூடாது என்பதுதான்.

உண்மையான பிரெஞ்சுக் குடிமகனிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோ தேசிய அடையாள அட்டையோ இருக்கும். நீதிமன்றம் கொடுக்கும் நேஷனாலிட்டி சான்றிதழும் இருக்கலாம். இவை இருந்தால் அவர் பிரெஞ்சுக்காரர் என்பது உறுதி. அவர் திருமணமாகாதவர் என்பது இவற்றால் உறுதியாகாது.

அதற்கு ஒரு தாள் இருக்கிறது. அவருடைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் முழு நகல். பிரான்சில் ஒருவருக்குத் திருமணமானால் அது அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படும். விவாகரத்து ஆனால் அதுவும் அங்கேயே ஏறும். பிரான்சில் பிறந்தவர் பிறந்த ஊரின் நகராட்சியில் இந்த நகலைக் கேட்டு வாங்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரருக்கு நாந்த் நகரில் உள்ள வெளியுறவு அமைச்சகத்தின் மையப் பதிவகத்தில் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் எடுத்த நகலாக இருக்க வேண்டும். பையனே கேட்டு வாங்கித் தரக்கூடிய தாள்தான், சிரமம் எதுவும் இல்லை. தர மறுத்தால் ஏன் என்று யோசியுங்கள்.

நம்மிடம் வந்த ஒரு குடும்பத்தின் நிலையை, ஊரும் பெயரும் சொல்லாமல், இங்கே குறிப்பிட அவர்களே அனுமதி தந்தார்கள். மாப்பிள்ளை உண்மையிலேயே பிரெஞ்சுக் குடிமகன். பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள். பிரான்சில் அவருக்கு முன்பே நகராட்சியில் பதிவான ஒரு திருமணம் இருந்தது. "அது முடிந்துவிட்டது, தலாக் சொல்லியாகிவிட்டது" என்று பெரியவர்களிடம் சொல்லப்பட்டது. ஆனால் பிரெஞ்சுப் பதிவேட்டில் அந்தத் திருமணம் அப்படியே நிற்கிறது. வாயால் சொன்ன தலாக் அந்தப் பதிவேட்டை அசைக்காது. ஒரு திருமணம் நிலுவையில் இருக்கும்போது இன்னொன்று செய்ய பிரெஞ்சுச் சட்டம் இடம் தராது. அதனால் நம் பெண்ணின் நிக்காஹ்வைத் தூதரகம் பதிவு செய்யவில்லை, மனைவிக்குரிய விசாவும் இல்லை. பெண் தாய்வீட்டில், மடியில் ஒரு குழந்தையோடு இருக்கிறார்.

அந்தக் குழந்தைக்கு வழி இருக்கிறது என்பதை மட்டும் நாம் அவர்களுக்குச் சொல்ல முடிந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் பெற்றோரின் திருமணம் செல்லுமா செல்லாதா என்பது குழந்தையின் உரிமையைப் பறிக்காது. தந்தை சட்டப்படி தன் குழந்தை என்று ஏற்றுக்கொண்டால் குழந்தை பிரெஞ்சுக் குழந்தையே. அந்த ஒப்புதலுக்காகத்தான் இப்போது முயல்கிறார்கள்.

திருமணத்துக்கு முன் தூதரகம்

இந்தியாவில் திருமணம் செய்யும் பிரெஞ்சுக் குடிமகன், திருமணத்துக்கு முன்பே தன் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம் பக்கத்துக்கு அது பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம். அங்கே இருவரின் தாள்களையும் கொடுத்தால், திருமண அறிவிப்பை 10 நாள் ஒட்டி வைப்பார்கள். தேவைப்பட்டால் மணமகன், மணமகள் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். தடை இல்லை என்றால் 'திருமணத் தகுதிச் சான்றிதழ்' கொடுப்பார்கள்.

நம் கருத்தில், மொத்த விஷயத்திலும் பெண் வீட்டாருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. நாம் பத்துப் பேரிடம் விசாரித்தாலும் கிடைக்காத செய்தியைத் தூதரகம் தன் பதிவேட்டிலேயே பார்த்துவிடும். மேலே சொன்ன குடும்பம் இந்தச் சான்றிதழை முதலில் கேட்டிருந்தால் நிக்காஹ் நாளே குறித்திருக்க மாட்டார்கள். "அதெல்லாம் நிக்காஹ்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், லீவு குறைவு" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அடுத்த லீவுக்கு வரச் சொல்லுங்கள். சட்டப்படி, சான்றிதழ் வாங்காமல் நடந்த திருமணத்தையும் பிறகு பதிய மனு போடலாம். ஆனால் அப்போது விசாரணை கூடும், காலமும் கூடும், அந்தக் காலத்தை நம் பெண்தான் காத்திருந்து கழிக்க வேண்டியிருக்கும்.

பிறகு நிக்காஹ். பள்ளிவாசல் தஃப்தரில் எழுதியது நமக்குப் போதும், வெளிநாட்டு அரசுக்குப் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். தஃப்தர் நகலோடு 90 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு தூதரகத்தில் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறிய பிறகுதான் மனைவிக்கான நீண்டகால விசா.

மணமகள் முன்பு திருமணமாகி விலகியவர் என்றால் அவருடைய தாள்களும் தெளிவாக இருக்க வேண்டும். குலா வாங்கிய பெண்களுக்கு இது முக்கியம். குலாவுக்கு ஜமாஅத்தோ ஷரீஅத் கவுன்சிலோ கொடுக்கும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் நாட்டு நீதிமன்றமே ஏற்காத தாளைத் தூதரகம் ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு

திருமணம் பதிவாகி, இருவரும் சேர்ந்து வாழ்ந்து 4 ஆண்டு ஆன பிறகு மனைவியோ கணவனோ குடியுரிமைக்கு அறிவிப்பு மனு போடலாம். திருமணத்துக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு தொடர்ந்து சட்டப்படி பிரான்சில் வசித்ததைக் காட்ட முடியாவிட்டாலோ, வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் பிரெஞ்சுத் துணை தூதரகப் பதிவேட்டில் இருந்ததைக் காட்ட முடியாவிட்டாலோ அது 5 ஆண்டாகும். 'சேர்ந்து வாழ்வது' என்பதை அவர்கள் ஏட்டளவில் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, வரி எல்லாவற்றிலும் இருவர் பெயரும் தெரிய வேண்டும். கணவர் பாரிசில், மனைவி திருவண்ணாமலையில் என்று 5 ஆண்டு போனால் கணக்கில் வருவது கடினம்.

மொழிதான் பெரிய மலை. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமைக்கு பி2 வேண்டும், அதாவது நான்காம் படி. அதற்கு முன் மூன்றாம் படியான பி1 போதுமாக இருந்தது. பி2 என்றால் கடையில் சாமான் கேட்கும் அளவு அல்ல. செய்தித்தாள் படித்துப் புரிந்துகொண்டு, ஒரு விஷயத்தில் தன் கருத்தைக் காரணத்தோடு எழுதவும் பேசவும் தெரிய வேண்டும். பிளஸ் டூ முடித்து நேரே நிக்காஹ் ஆன பெண்ணால் முடியாதது இல்லை. ஆனால் முதல் ஆண்டிலிருந்தே படிக்க வேண்டும். விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் பாண்டிச்சேரி அல்லது சென்னை அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகளில் சேர்த்துவிடுவது, கூடுதலாக 10 பவுன் போடுவதைவிட அந்தப் பெண்ணுக்கு நீண்டகாலம் உதவும். மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை என்பதையும், 1961ஆம் ஆண்டின் சட்டப்படி வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்டிவிட்டு மேலே போகிறோம்.

பொய்த் திருமணத்துக்கும் தண்டனை உண்டு. அட்டைக்காகவோ குடியுரிமைக்காகவோ மட்டும் திருமணம் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 15,000 யூரோ அபராதம். குடியுரிமை பதிவான 12 மாதத்துக்குள் தம்பதியர் பிரிந்துவிட்டால், முதலிலிருந்தே ஏமாற்று என்ற சந்தேகத்தைச் சட்டமே எழுப்பும். அப்போது உண்மையைக் காட்டும் பொறுப்பு நம்முடையது.

திருமணம் அல்லாத வழிகள்

உழைத்தும் படித்தும் வாங்கும் வழி இருக்கிறது. பிரான்சில் 5 ஆண்டு சட்டப்படி வசித்தவர் குடியுரிமை கேட்டு மனு போடலாம். அங்கே உயர்கல்வியில் 2 ஆண்டு வெற்றிகரமாகப் படித்தவருக்கு இந்த 5 ஆண்டு 2 ஆண்டாகக் குறையும். நம் ஊரிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு ஆண்டுக் கணக்கே இல்லை. பாரிசின் லா ஷாப்பல் பகுதியில் கடை கடையாகத் தமிழ்ப் பலகை தொங்குகிறதே, அந்த இலங்கைத் தமிழர்களில் பலர் அகதியாகப் போய், பிறகு குடிமக்கள் ஆனவர்கள். வெளிநாட்டார் படைப்பிரிவில் 3 ஆண்டு பணியாற்றியவரும் கேட்கலாம்.

ஆனால் இது கேட்டால் கிடைக்கும் உரிமை அல்ல. அரசு மறுக்கலாம், சில ஆண்டு கழித்து வரச் சொல்லலாம். 2025 மே மாதம் உள்துறை அமைச்சர் புருனோ ரதாயோ அனுப்பிய சுற்றறிக்கை, நிலையான வேலையையும் பிரான்சிலேயே சம்பாதிக்கும் வருமானத்தையும் கண்டிப்பாகப் பார்க்கச் சொன்னது. பி2 மொழித் தேர்ச்சியோடு, 2026 முதல் பிரான்சின் வரலாறு, அரசமைப்பு, சட்டம் பற்றிய குடிமைத் தேர்வும் சேர்ந்திருக்கிறது.

பிரான்சில் குழந்தை பிறந்தால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தை பிறந்த அன்றே பிரெஞ்சுக் குழந்தை ஆகாது. 8 வயதிலிருந்து அங்கே வளர்ந்திருந்தால் 13 வயதில் பெற்றோர் மனு போடலாம், 16இல் பிள்ளையே போடலாம், 18இல் போதிய ஆண்டுகள் அங்கே வசித்திருந்தால் தானாக வரும்.

ஹிஜாப் பற்றி

தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. தலையை மூடும் ஹிஜாப் அணிவதால் மட்டும் குடியுரிமை மறுக்கப்படுவதில்லை. ஆனால் அங்கே அரசுப் பள்ளி மாணவிகள் ஹிஜாப் அணிய 2004 முதல் தடை. பொது இடத்தில் முகத்தை மூட 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. 2008இல், முழு முகத்திரை அணிந்து ஒதுங்கி வாழ்ந்த மொராக்கோ நாட்டுப் பெண் ஒருவருக்கு, கணவர் பிரெஞ்சுக்காரராக இருந்தும், பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் குடியுரிமை மறுப்பை உறுதி செய்தது. இன்னொரு வழக்கில், பிரெஞ்சுக்காரரை மணந்த அல்ஜீரியப் பெண் ஒருவர் எல்லாத் தகுதியும் பெற்று, குடியுரிமை வழங்கும் விழாவில் ஆண் அதிகாரிக்குக் கைகொடுக்க மறுத்தார். அரசு குடியுரிமையைத் தடுத்தது. 2018இல் அதே நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. இது நியாயமா என்று நாம் இங்கே வாதிடவில்லை, நமக்கு இதில் வருத்தம் உண்டு. பெண்ணை அனுப்பும் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு, பெண்ணிடமும் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்னவாகும்?

பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உடனே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒப்படைக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டு பயணம் செய்வது குற்றம். அதற்குப் பதிலாக ஓசிஐ அட்டை வாங்கலாம். விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். ஆனால் வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. தாய் தந்தையின் நிலம் வாரிசாக வந்தால் வரும். போளூர்ப் பக்கம், தண்டராம்பட்டுப் பக்கம் நிலம் உள்ள குடும்பங்கள் பாகப்பிரிவினையை முன்பே முடித்துக்கொள்வது பின்னால் வழக்கைக் குறைக்கும்.

வாக்காளர் பட்டியல் திருத்தம், குடியுரிமைத் தாள் என்று நம் சமுதாயம் ஏற்கெனவே கவலையில் இருக்கும் காலம் இது. இந்தியக் குடியுரிமையை விடுவது பெரிய முடிவு. பெண்ணுக்கு 4 ஆண்டு ஆனதும் மனு போட்டே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு, பிரான்ஸ் குடியிருப்பு அட்டையிலேயே நிம்மதியாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சம்பந்தம் பேச்சு வந்திருக்கும் குடும்பங்கள், நிச்சயதார்த்தத்துக்கு முன், மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், பிறப்புப் பதிவின் முழு நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். பிரெஞ்சில் இருக்கும் ஓரக் குறிப்புகளைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்கிறோம். கட்டணம் இல்லை. பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றில் 'பீவி', மற்றொன்றில் 'பேகம்' என்று இருந்தால் அதைத் திருத்துவதற்கே மாதக்கணக்கில் ஆகும்.